விளக்கும் கடனும்

தமிழிலே சில சொற்கள் உள. அவற்றை எடுத்து ஆராயுந்தோறும் நம் முன்னோர் வாழ்க்கையை எத்துணை நுணுகி நோக்கினர் என்ற வியப்பு உண்டாகும். "கடன்" என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. பிறரிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். பிறர் கேளாமலே ஒருவன் செய்து முடிக்கவேண்டிய முறைமையும் கடன். காலையில் எழுந்து செய்வன காலைக்கடன். தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது நேர்த்திக்கடன். பெற்றோர் மறைந்தபின் பிள்ளைகள் ஆற்றுவது இறுதிக்கடன். ஒருவன் இட்ட சோற்றை உண்டவன் அவன் பக்கம் நின்றே தீரவேண்டும் என்பது செஞ்சோற்றுக்கடன். கொண்டதும் கடன், செய்யவேண்டியதும் கடன். இரண்டுக்கும் ஒரு சொல்லையே வழங்கியது சொற்பஞ்சத்தால் அன்று.

சில கிழமைகளுக்கு முன் வகுப்பிலே இச்சொல்லை விளக்கிக் கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். பண்டிதர் தேர்வுக்குப் படிப்பவள். மற்ற நாள்களில் கொடிகாமச் சந்தைக்கு அருகே ஒரு கடையிற் கணக்கெழுதுபவள். "ஐயா, அப்படியெண்டால் நுரைச்சோலைக்கு நாடு வாங்கினது எந்தக் கடன்?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். "பிள்ளை, அது திருப்பிக் குடுக்க வேண்டிய கடன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோதுதான் நான் சொன்னது பாதி விடை என்பது மனத்தில் உறைத்தது. மற்றப் பாதியைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நுரைச்சோலை புத்தளம் மாவட்டத்திலே, கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. கடல் நுரையையும் சோலையையும் ஒருங்கே நினைப்பூட்டும் பெயர். வெங்காயமும் மரக்கறியும் விளையும் மணற்றரை, மீன்பிடித் துறைகள், அணித்தே தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலம். அங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்க வேண்டுமென்ற எண்ணம் நெடுநாளையது. முதலில் யப்பானின் கடனுதவி பேசப்பட்டது. மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையினரும் எதிர்த்தமையால் அம்முயற்சி தடைப்பட்டது. பின்னர்ச் சீனா முன்வந்தது. 2006இல் வேலை தொடங்கியது. 2011 மார்ச்சில் முதற்பொறி இயங்கிற்று. 2014 செப்டெம்பர் 16ஆம் நாள், சீன அதிபர் சி ஜின்பிங் இலங்கைக்கு வந்திருந்த வேளையில், நிலையம் முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 300 மெகாவாட் வலுவுடைய மூன்று பொறிகள். ஆக 900 மெகாவாட். முதற்கட்டத்துக்கு மாத்திரம் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி ஏறத்தாழ 45 கோடி டொலர் கடனாக அளித்தது. முழுச் செலவு ஏறத்தாழ 135 கோடி டொலர். நிலையத்துக்கு இட்ட பெயர் "லக்விஜய". சில ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கையும் அதற்கு மேலும் இந்த ஒரு நிலையமே தந்திருக்கிறது.

நாடு ஏன் கரியை நாடியது? நீரை மறந்ததனால் அன்று. பொறியியலாளர் விமலசுரேந்திர மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் ஆக்கலாம் என 1918இலேயே எடுத்துரைத்தார். அவர் கனவு 1950இல் லக்சபானவில் நனவாயிற்று. அதன்பின் மகாவலித் திட்டத்திலே விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலை அணைக்குச் சுவீடனும், ரந்தெனிகல அணைக்கு மேற்கு ஜேர்மனியும் உதவின. அவையும் பிறநாட்டார் உதவிகளே. ஆயினும் அவை கைக்கொண்ட பொருள் மழை. மழைக்கு விலை இல்லை. மழையை ஏற்றிவரக் கப்பலும் வேண்டியதில்லை. ஆனால் மழை பொய்த்தால் விளக்கும் பொய்க்கும். 1996ஆம் ஆண்டு வறட்சியிலே நாடு முழுவதும் மின்வெட்டை அனுபவித்தது. டீசல் எரித்து ஈடுசெய்யப் புகுந்தபோது செலவு தாங்கவில்லை. டீசலிலும் நிலக்கரி மலிவு என்று கணக்குப் போட்டவர்கள் அன்றைய நிலையில் பொய்க்கணக்குப் போட்டாரல்லர். இதனை முதலிற் சொல்லிவிடுதல் முறை. கரியை எரித்தவரெல்லாம் தீயவர் என்று வைத்துக்கொண்டு எழுதுவது எளிது, அது நேர்மையாகாது.

அன்றியும், இருளைப் பற்றி எழுத எனக்கு ஓரளவு உரிமை உண்டு. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டுக்கு வரும் மின்சாரம் நின்றது. அப்போது எனக்கு இருபது வயதளவில் இருக்கும். ஜாம் போத்தலின் அடியிற் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, பஞ்சை நனைத்து, திரியைக் கம்பியிற் கோத்து நிறுத்தினால் விளக்கு. மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்தமையால் அதன் விலை ஏழைக்கு எட்டாததாயிற்று. ஒரு போத்தல் எண்ணெயை ஒரு கிழமைக்குக் கணக்கிட்டு ஊற்றுவாள் எங்கள் தாயார். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்போம். தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தை நான் முதன்முதல் முழுவதும் படித்தது அந்தப் போத்தல் விளக்கிலேதான். காலையில் மூக்கைத் துடைத்தால் துணியிற் கரி படியும். ஆதலால், "பூமி வெப்பமடைகிறது, நீங்கள் இருளிலேயே இருங்கள்" என்று எவராவது சொன்னால் அதனை ஏற்க என் மனம் ஒருப்படாது. இருளின் பெருமையைப் பேசுபவர் பெரும்பாலும் இருளில் இருந்தவரல்லர்.

அதே 1990இன் ஒக்டோபரில் இன்னொரு கொடுமையும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் நிகழ்ந்தது. கொடிகாமத்துக்கு அயலூரான சாவகச்சேரியில் வாழ்ந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினர். பின்னர் யாழ்ப்பாண நகரிலும் வடக்கின் ஏனைய இடங்களிலும் வாழ்ந்த முஸ்லிம்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிப் பகுதிக்கும் போய் ஓலைக்கொட்டில்களில் தங்கினர். அந்நாளில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பேசியவர் மிகச் சிலர். இதனை இங்கே ஏன் கூறுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

போர் 2009இல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு யப்பானின் கடனுதவியாலும், அங்கிருந்து சுன்னாகத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியாலும் உயரழுத்த மின்வழிகள் அமைந்தன. குடாநாடு மீண்டும் நாட்டின் பொது மின்வலையோடு இணைந்தது. இந்தியாவின் கடனுதவியாற் புதுக்கப்பட்ட இருப்புப்பாதையில் 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி ஓடிற்று. கரி எரித்துப் புகை கக்கிய காலம் போயும் நாம் இன்னும் அதனைப் புகையிரதம் என்றே அழைக்கிறோம். பழைய எரிபொருள் போனாலும் பெயரில் அதன் வாசனை நிற்கிறது. நிற்க. மின்வலை பொதுவானது. மலையின் நீரும் நுரைச்சோலையின் கரியும் அதிலே ஒன்றாய்க் கலக்கின்றன. ஆகவே, 2014க்குப் பின் என் மேசைமேல் எரிந்த விளக்கிலே ஒரு பங்கு நுரைச்சோலையிலிருந்து வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை, எனினும் வாங்கிக்கொண்டேன்.

ஒளி வாங்குவது ஓரிடம். அதன் கழிவை வாங்குவது வேறிடம். இவ்வுண்மையைக் குடாநாட்டார் வேறொரு வகையிற் கற்றனர். சுன்னாகத்திலே எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கிய நிலையங்களின் அயலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது என்ற செய்தி எழுந்தபோது ஊரெல்லாம் கலங்கிற்று. நமக்கு ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்கி நிற்பதே நமது உயிர்நிலை. அப்பாறை நல்லதையும் தீயதையும் வேறுபாடின்றி உள்வாங்கும். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்பிரலில் வந்த தீர்ப்பு, அங்கே இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்க்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. அது வெளிநாட்டுக் கடனுதவியின் கதையன்று. எனினும் எரிபொருளை எரிப்பவரும் அதன் எச்சத்தைக் குடிப்பவரும் வெவ்வேறாவர் என்பதனை நமக்கு வீட்டுக் கிணற்றிலேயே காட்டிய கதை. நுரைச்சோலை உழவரும் தம் தோட்டங்களில் நிலக்கரித் தூசும் சாம்பலும் படிவதாகப் பலகாலம் முறையிட்டு வந்துள்ளனர்.

இனி, பிறநாட்டார் தரும் இக்கடனின் இயல்பை நோக்குவோம். கொடுப்பவர் பணத்தைக் கையிலே தந்து, "வேண்டியதைச் செய்துகொள்" என்று சொல்வதில்லை. கடனோடு கூடவே கட்டுவோரும் வருவர், பொறியும் வரும். பணத்தின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். இது சீனாவுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. ஏற்றுமதி வங்கிகள் எந்நாட்டிலும் தம் நாட்டுப் பொருள்களை விற்பதற்கென்றே ஏற்பட்டவை. தமிழ்நாட்டு நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். சம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்திற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரியைக் கொண்டு 1956இல் நிறுவனம் அமைந்தது. சோவியத் நாட்டின் உதவியோடு 1962இல் முதல் மின்பொறி இயங்கியது. சுரங்கப் பொறிகள் ஜேர்மனியிலிருந்து வந்தன. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த அந்த முதல் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கத்துக்காக ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. அந்தத் துயர் சிறிதன்று. ஆயினும் அங்கே கரி சொந்த மண்ணினது. பொறி தந்தவர் போனபின்னும் எரிபொருள் கையில் இருந்தது.

நுரைச்சோலையிலோ பொறி பிறருடையது, பணம் பிறருடையது, கரியும் இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, உருசியா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் கரையை அணைய முடியாது. ஆழ்கடலில் நங்கூரமிட்டுப் படகுகளில் இறக்குகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் இடங்கொடாது. ஆதலின் முன்கூட்டியே வாங்கிக் குவித்து வைத்தல் வேண்டும். வாங்குவதற்கு ரூபாய் உதவாது, டொலர் வேண்டும். நமக்குச் சொந்தமாயிருப்பவை நிலையம் நிற்கும் மணலும், அது கழிக்கும் சாம்பலும், எழுதிக்கொடுத்த கடனுமே. தொடக்க ஆண்டுகளிற் பொறி பலமுறை பழுதுற்று நின்றபோது, கடனுக்கான வட்டி மாத்திரம் பழுதுபடாமல் ஓடிற்று.

"கொடுத்தவனுக்குப் பொறுப்பு இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். அவ்வினாவை இந்தியாவின் மீனவர் சிலர் உலகறியக் கேட்டனர். குசராத்து மாநிலத்து முந்திராவில் 4000 மெகாவாட் நிலக்கரி நிலையமொன்று எழுந்தது. உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் 2008இல் அதற்கு 45 கோடி டொலர் கடன் வழங்க இசைந்தது. கடலில் மீன் குன்றியது, நீர் கெட்டது, கரித்தூள் படிந்தது என்று முறையிட்ட மீனவரும் உழவரும் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். "எம்மீது வழக்குத் தொடுக்க இயலாது, எமக்குச் சட்டக்காப்பு உண்டு" என்பது கடன் கொடுத்தவரின் மறுமொழி. அமெரிக்க உயர்நீதிமன்றம் 2019 பெப்ரவரி 27இல், அத்தகைய முழுக்காப்பு அந்நிறுவனத்துக்கு இல்லை என்று 7க்கு 1 என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. பின்னர்க் கீழ்நீதிமன்றம் வேறு காரணங் காட்டி வழக்கைத் தள்ளியது. இழப்பீடு கிட்டவில்லை. ஆயினும் கடன் கொடுத்தவனுக்கும் ஒரு கடன் உண்டு என்ற சொல் ஒருமுறை நீதிமன்றத்திலே ஒலித்துவிட்டது. வலைபின்னும் கைகள் அதனை ஒலிக்கச் செய்தன.

இப்போது உலகின் காற்றுத் திசைமாறிவிட்டது. 2010இல் தென்னாபிரிக்காவின் மெடுப்பி நிலக்கரி நிலையத்துக்கு 300 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனை உலக வங்கி வழங்கியபோதே அமெரிக்காவும் பிரித்தானியாவும் வாக்களியாது ஒதுங்கின. 2013இல் உலக வங்கி, மிக அரிதான நிலைமைகளிலன்றி நிலக்கரிக்குக் கடன் இல்லை என்றது. 2021 செப்டெம்பரில், வெளிநாடுகளிற் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டமாட்டோம் எனச் சீன அதிபர் ஐக்கிய நாடுகள் சபையில் அறிவித்தார். நுரைச்சோலையைத் திறந்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அதே மாதத்தில் இலங்கையும், இனிப் புதிய நிலக்கரி நிலையம் இல்லை என்று உலக அரங்கில் உறுதி தந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் அவ்வாண்டிலேயே நிலக்கரிக்குக் கதவடைத்தது. கிளாஸ்கோ மாநாட்டில், 2022 முடிவுக்குள் வெளிநாட்டு நிலக்கரி, எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குப் பொதுப்பணம் அளிப்பதை நிறுத்துவோம் என முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளும் நிறுவனங்களும் கைச்சாத்திட்டன.

இதனைக் கேட்டு மகிழ்வாருமுளர், சினப்பாருமுளர். சினப்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நிலக்கரி எரித்து ஊருக்கு மின்சாரம் வழங்கும் நிலையம் 1882இல் இலண்டனில் இயங்கத் தொடங்கிற்று. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டது. இடையிலே கழிந்தவை 142 ஆண்டுகள். அத்தனை ஆண்டு கரியெரித்துச் செல்வம் சேர்த்தவர், பந்தியில் உண்டு எழுந்தபின் அடுப்பை அணைத்துவிட்டு, "சோறு உடம்புக்கு ஆகாது" என்று வாயிலில் நிற்பவருக்குச் சொல்வது போலன்றோ இது? ஆபிரிக்க நாடுகளிற் பல இவ்வாறு கேட்கின்றன. போத்தல் விளக்கிற் படித்த எனக்கு அவர்கள் குரல் விளங்குகிறது.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. நிலக்கரிக்கு மீண்டும் கடன் கொடுங்கள் என்று கேட்பது அந்த அநீதிக்கு மருந்தாகுமா? அந்தக் கரியால் முதலில் வாடுபவர் யார்? இலண்டனார் அல்லர், பருவம் தவறிய மழையால் வெங்காயம் அழுகிய நம் உழவரும், கடல் ஏறிவரும் தாழ்நிலத்தாருமே. உண்டவர் கடன் நம்மையும் அதே சோற்றை உண்ண விடுவதனால் தீராது. வேறு சோறு சமைக்கப் பொருளும் பொறியும் தருவதனாலேயே தீரும். அதுவும் வட்டிக்கன்று. கதவை அடைத்தவர் அடுத்த கதவைத் திறக்கவும் கடமைப்பட்டவர். ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாது விடுவாராயின் அது பாதிக் கடனே.

கடன் வாராமற் போனதால் ஓர் ஊர் தப்பிய கதை நம் நாட்டிலேயே உண்டு. மூதூரைச் சார்ந்த சம்பூர் மக்கள் 2006இல் போரினால் ஊரைவிட்டு ஓடினர். அவ்வாண்டு முடியுமுன்பே, இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்க உடன்பட்டன. அதற்குக் குறிக்கப்பட்ட இடம் சம்பூர். மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் இருக்க, அவர்கள் மண்ணிலே கரி எரிப்பது பற்றி இரு தலைநகரங்களிற் பேசப்பட்டது. 2015இலும் அதன் பின்னும் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். வழக்கும் எதிர்ப்பும் எழுந்தன. 2016 செப்டெம்பரில் சம்பூரில் நிலக்கரி நிலையம் அமையாது என்று அரசு உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2025 ஏப்பிரலில் அதே சம்பூரிலே 120 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கான வேலையை இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் தொடக்கி வைத்தனர். கரிக்குப் பதில் கதிரவன், மகிழத்தக்க மாற்றமே. எனினும் கதிரவன் வானத்தில் இருந்தாலும் அவன் ஒளியைப் பிடிக்கும் பலகைக்கு நிலம் வேண்டும். அந்நிலம் யாருடையது என்ற வினாவைக் கரி எழுப்பியது போலவே கதிரவனும் எழுப்புவான்.

2022ஆம் ஆண்டை இளைஞரும் மறந்திரார். மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருட் கப்பல்கள் துறைமுகத்துக்கு அப்பால் காசுக்காகக் காத்து நின்றன. ஏப்பிரல் 12இல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென நாடு அறிவித்தது. வாங்கிய கடனெல்லாம் கரிக்கென்று சொல்லுதல் பிழை. ஆனால் பிறநாட்டு எரிபொருளை நம்பிக் கட்டிய விளக்கு, டொலர் தீர்ந்த அன்று அணையும் என்பது அன்று கண்கூடாயிற்று. பொறிக்குப் பட்ட கடனை ஒருமுறை எழுதுகிறோம். எரிபொருளுக்குப் படும் கடனை ஒவ்வொரு கப்பலுக்கும் எழுதுகிறோம். பின்பு 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறிற்று. சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு கடன் மறுசீரமைப்பு உடன்பாடு 2024 யூனிலேதான் நிறைவேறியது. பெரியோர் மேசையில் எழுதிய கடனை, ஈற்றில் குப்பி விளக்கைத் திரும்ப எடுத்த ஏழைத்தாய் தீர்த்தாள். மூன்று தலைமுறை மறந்திருந்த அக்கலையை அவளுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு தலைமுறைக்குக்கூட மறக்கப்படவில்லை.

செஞ்சோற்றுக்கடனைப் பற்றியும் ஒரு சொல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய நம் தீவுகள் டீசற் பொறிகளை நம்பியிருந்தவை. அங்கே சூரியனையும் காற்றையும் கொண்டு மின்சாரம் ஆக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2021 தொடக்கத்தில் அந்த வேலை சீன நிறுவனமொன்றுக்கு அளிக்கப்பட்டது. தமிழகக் கரைக்கு இவ்வளவு அணித்தே சீன நிறுவனமா என்று இந்தியா மறுத்தது. அவ்வாண்டு முடிவில் வேலை நின்றது. பின்னர் இந்தியா ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலரை நன்கொடையாகத் தர முன்வந்து, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனமொன்று அதனை ஏற்றது. கடனாக வரவிருந்தது கொடையாக வந்தது, அவ்வளவில் நன்மையே. ஆயின் இடையிற் கழிந்த ஆண்டுகளில் அத்தீவுகளில் எரிந்த டீசலுக்குக் கணக்கு எழுதியவர் யார்? காற்றும் வெயிலும் எந்நாட்டுக்கும் உரியவல்ல. அவற்றைப் பிடிக்கும் பொறிகளோ கொடி தாங்கியே வருகின்றன. எரிபொருள் தூய்மையானது என்பதனால் உதவியும் தூய்மையாகிவிடாது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது என் மனம் ஒரு மனிதரிடத்தே போய் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் முன்னேசுவரம் சென்று திரும்புகையில் பாலாவிச் சந்தியில் இறங்கிக் கற்பிட்டி வீதியாற் போனேன். அங்கே ஒருவரைத் தேடிப் போனேன். 1990க்கு முன் சாவகச்சேரியில் தையற்கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தவர் அவரே. பலரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தேன். எழுபதைக் கடந்துவிட்டார், கண் மங்கிவிட்டது. தையற்பொறி மூலையில் இருந்தது. பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார், நெடுநேரம் விடவில்லை. முற்றத்தில் இருந்தபடியே பார்த்தால் தென்னைகளுக்கு மேலாகப் புகைபோக்கி தெரிந்தது.

தேநீர் வந்தது. அவர் என்னிடம் ஊரில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். இறந்தவர் பெயர்களைக் கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்தார். கடைசியில், "தம்பி, கொடிகாமத்திலை இப்ப கறன்ற் நிக்காமல் வருகுதோ?" என்று கேட்டார்.

"வருகுது நானா" என்றேன்.

"நல்லது. பிள்ளையள் படிக்கட்டும்" என்றார் அவர்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய ஊரைவிட்டு அவர் துரத்தப்பட்டபோது நான் வாய் திறந்தவனல்லேன். போய்ச் சேர்ந்த இடத்திலே, அவரைக் கேளாமல் எழுந்த நிலையத்தின் ஒளியில் நான் படிக்கிறேன். அவரோ என் பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாழ்த்துகிறார். வாங்கிய கடனுக்கு நாட்டின் ஏட்டில் எண் உண்டு, தவணை உண்டு, மறுசீரமைப்பும் உண்டு. இந்தக் கடனுக்கு ஏடும் இல்லை, தவணையும் இல்லை. அதனாலே அது கடன் அல்லாமற் போய்விடுமா?

அடுத்த வகுப்பில் அந்த மாணவியை எழுப்பினேன். "பிள்ளை, அண்டைக்கு நான் பாதிதான் சொன்னேன். நுரைச்சோலைக்கு வாங்கினது இரண்டு கடனும்தான்" என்றேன். டொலரிற் பட்ட கடனை நாடு அந்நியருக்குத் திருப்பிக் கொடுக்கும். எப்படியும் கொடுத்தே ஆகும், கேட்பதற்கு வலியவர் இருக்கிறார்கள். புகைபோக்கியின் கீழ் வாழ்பவர்க்கு நாம் பட்ட கடனைக் கேட்பதற்கு வலியவர் இல்லை. அதனை நாமே நினைந்து செய்தல் வேண்டும். சாம்பலை மூடிவைக்கச் செலவிடுவதும், நீரையும் காற்றையும் அளந்து அவ்வளவைகளை ஒளிக்காமல் ஊராருக்கு அறிவிப்பதும், ஓய்வுபெறும் நாளில் அந்நிலத்தைத் திருத்தித் தருவதற்கு இன்றே பொருள் ஒதுக்குவதும் அக்கடனைச் சேர்ந்தவை. இனி மன்னாரிலோ பூநகரியிலோ காற்றாடி நாட்டினாலும், சம்பூரிற் சூரியப் பலகை விரித்தாலும், முதலில் அவ்வூராரைக் கேட்பதும் அதனைச் சேர்ந்ததே.

பிறநாட்டார் உதவி வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. அவ்வுதவியில் வந்த பாதையிற் பயணஞ் செய்கிறேன். அவ்வுதவியில் வந்த கம்பியில் விளக்கேற்றுகிறேன். உதவி செய்ய வருபவரிடம் மூன்றினைக் கேட்டல் வேண்டும் என்பதே என் துணிபு. இந்தப் பொறி நாளைக்கு உண்ணப்போவது யார் வீட்டுச் சோறு? இதன் எச்சம் யார் கிணற்றில் இறங்கும்? அந்தக் கிணற்றுக்காரர் இதற்கு உடன்பட்டாரா? இம்மூன்றுக்கும் விடை இல்லாத உதவி, எந்நாட்டிலிருந்து வந்தாலும், எந்த எரிபொருளில் இயங்கினாலும், கொண்ட கடனாக நிற்குமேயன்றிச் செய்த கடனாக மாட்டாது.

மாணவி கேட்டுக்கொண்டிருந்தாள். பின்பு தன் கணக்குப் புத்தகத்திலே எழுதுவது போலக் கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறினாள். ஒரு பக்கத்துக்கு "கொண்டது" என்றும் மறுபக்கத்துக்கு "செய்யவேண்டியது" என்றும் தலைப்பிட்டாள். முதற்பக்கம் விரைவில் நிரம்பியது. மற்றப் பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.